பானெட்டுக்குள் ஒரு கம்பி: சேஸிஸ் பிரேசிங் எங்கே வேலை செய்யும், எங்கே வெறும் எடை

பானெட்டைத் திறந்ததும் பளபளவென்று ஒரு கம்பி கண்ணில் படும். இடது ஷாக் கோபுரத்தில், அதாவது ஷாக் அப்சார்பரின் மேல்முனை உடம்போடு சேரும் மேட்டில், தொடங்கி, எஞ்சினுக்கு மேலே ஒரு வளைவு வளைந்து, வலது ஷாக் கோபுரத்தில் போய் முடியும். கார் உடம்பு நெளியாமல் இருக்க இப்படிக் கம்பி மாட்டுவதுதான் சேஸிஸ் பிரேசிங். வாரநாளில் ஆபீஸுக்கும் மாதம் ஒருநாள் ரேஸ் ட்ராக்குக்கும் ஒரே காரை ஓட்டுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் அந்தக் கம்பியைத்தான். நாலு நட்டைக் கழற்றினால் அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும், மாட்டிய அன்று சாயங்காலமே "ஸ்டீயரிங் கூர்மையாகிவிட்டது" என்றும் தோன்றும். அப்படித் தோன்றுவது நிஜமா, இல்லை செலவழித்த காசு பேசுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சிமென்ட் மூட்டையும், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜும் போதும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கையில் ஒரு தீப்பெட்டியை எடுங்கள். குச்சிகளைக் கொட்டிவிட்டு உள்தட்டை மட்டும் உருவி, இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். எந்தப் பிடிவாதமும் இல்லாமல் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் வெளிக்கூட்டை எடுத்து ஒரு ஓரத்தில் அழுத்துங்கள், சதுரமாக இருந்த வாய் சாய்ந்து தட்டையாகிவிடும். இப்போது தட்டைக் கூட்டுக்குள் தள்ளி மறுபடி முயன்றால் இரண்டும் நடக்காது. அட்டை அதே அட்டைதான், ஒரு கிராம்கூடக் கூடவில்லை. பிரேசிங் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதிலேயே இருக்கிறது. கார் உடம்புக்கு இரண்டு வியாதி: திறந்த பெட்டி முறுக்கிக்கொள்வது ஒன்று, சட்டம் சாய்ந்துபோவது இன்னொன்று. கம்பி வைக்கிறவர் எந்த வியாதிக்கு வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

திறந்த பெட்டி எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு. 50 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புக் குழாயை எடுத்து, நீளவாக்கில் ரம்பத்தால் ஒரே ஒரு கீறல் போடுங்கள். எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆனால் முறுக்குக்கு எதிரான விறைப்பு கிட்டத்தட்ட 800இல் ஒரு பங்காக விழுந்துவிடும். கூரையை வெட்டி எடுத்த காருக்கு நடப்பதும் இந்த ஜாதி விஷயம்தான், இவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும்.

அதனால் இந்த விஷயத்தைப் பேசுவதற்கு மஸ்டா எம்எக்ஸ்-5 அளவுக்குப் பொருத்தமான கார் எனக்குத் தெரிந்து இல்லை. 1989இல் வந்த முதல் தலைமுறை, மியாட்டா என்று அமெரிக்காவில் பெயர், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, பின்சக்கர ஓட்டம், கூரை வெறும் துணி. நம்மூரில் மஸ்டா இதை விற்கவே இல்லை, ஆனால் உலகத்தில் தெருவுக்கும் ட்ராக்குக்கும் சேர்த்து வெட்டி ஒட்டப்பட்ட கார்களில் இது முன்வரிசை, எந்தக் கம்பி எங்கே உதவும் என்பதை இத்தனை பேர் சோதித்துப் பார்த்த கார் வேறு இருக்குமா என்பது சந்தேகம். இதில் கூரை செய்ய வேண்டிய வேலையை கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான இரண்டு பக்கச் சில்லும், இருக்கைகளுக்கு நடுவில் கவிழ்த்த வாய்க்கால் மாதிரி ஓடும் டனலும், தரைத் தகடும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கியர்பாக்ஸிலிருந்து, பின்சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வரை ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் போகும். அதைப் பார்த்துவிட்டுச் சிலர் அதுதான் காரின் முதுகெலும்பு என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. அது எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே துண்டாகப் பிடித்து வைத்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் உடனே பதில் சொல்ல உதவுகிறது. உடம்பு முறுக்கிக்கொள்வதைத் தடுப்பது அதன் வேலை இல்லை.

குண்டும் குழியுமான சாலையில் இந்தக் காரின் முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங்கும் தனித்தனித் தாளத்தில் நடுங்கும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி ஆடிக்கொண்டே வரும். மஸ்டாவுக்கே இது தெரியும். 1993இல் 1.8 லிட்டர் எஞ்சினைக் கொண்டு வந்தபோது இருக்கைக்குப் பின்னால் இரண்டு சீட் பெல்ட் கோபுரங்களையும் இணைத்து ஒரு கம்பி, முன்னும் பின்னும் சப்ஃப்ரேம்களுக்கு (சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டங்களுக்கு) அடியில் கம்பிகள் என்று கம்பெனியே சேர்த்தது. என்னைக் கேட்டால் வெளிச்சந்தைக் கம்பி விளம்பரம் அத்தனையையும் விட அந்தப் பட்டியல்தான் நல்ல பாடப்புத்தகம்: தயாரித்தவன் எங்கே ஒட்டுப்போட்டானோ அங்கேதான் பலவீனம்.

சரி, உடம்பு கொஞ்சம் நெளிந்தால் என்ன, சஸ்பென்ஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். தெருவில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உடம்பும் சஸ்பென்ஷனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரண்டு ஸ்பிரிங் மாதிரி, அதில் மெலிந்தது எதுவோ அதுதான் அதிகம் அசையும். கணக்குக்காக உடம்பின் முறுக்கு விறைப்பு டிகிரிக்கு 5,000 நியூட்டன் மீட்டர் (ஒரு டிகிரி முறுக்க அவ்வளவு முறுக்குவிசை வேண்டும்) என்றும், கம்பெனி ஸ்பிரிங், திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் எல்லாம் சேர்ந்து 500 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது 455. ஒன்பது சதவீதம் போயிற்று, யாரும் கவனிக்க மாட்டார்கள். இப்போது ட்ராக்குக்காக ஸ்பிரிங்கை மாற்றி, தடித்த பார் போட்டு, அதை 1,500 ஆக ஏற்றினால் கிடைப்பது 1,154தான். 23 சதவீதத்தை உடம்பு தின்றுவிட்டது. ஆக, ஸ்பிரிங்கை இறுக்க இறுக்கத்தான் உடம்பின் நெளிவு வெளியே தெரிய வரும். ஒட்டும் டயர் போட்டால் இன்னும் தெரியும், ஏனென்றால் விசை கூடுகிறது.

எண்ணிக்கையை விட மோசமானது அந்த நெளிவின் குணம். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ஷாக் அப்சார்பர் உட்கார்ந்து அதை அடக்கும். உடம்பின் நெளிவுக்கு அப்படி யாரும் இல்லை, நெளிந்ததெல்லாம் அப்படியே திரும்பி அடிக்கும். முன்பக்க ஆன்டி ரோல் பாரை ஒரு துளை மாற்றிப் போட்டால் பின்பக்கப் பிடிப்பு மாற வேண்டும். உடம்பு ரப்பர் மாதிரி இருந்தால் அந்தச் செய்தி பின்னால் போய்ச் சேராது, நீங்கள் எதைத் திருகினாலும் கார் ஒரே மாதிரி ஓடும். இன்றைய மூடிய கார்களில் டிகிரிக்கு 20,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். அப்படி ஒரு காரில் கம்பெனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு ஐந்து கம்பி மாட்டுகிறவர் உண்மையில் அலங்காரம்தான் செய்கிறார். யமஹா இந்த அடக்குகிற விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மாட்டும் ஒருவகை டாம்பரையே செய்து விற்கிறது. விறைப்பைக் கூட்டுவதை விட நடுக்கத்தைத் தின்பதுதான் அதன் நோக்கம், தெருவில் ஓட்டுபவருக்கு அது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இப்போது அந்தப் பளபளக் கம்பிக்கு வருவோம். எம்எக்ஸ்-5இல் முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கைகள் பிடித்திருக்கும். மேல் கையும் கீழ்க் கையும் இரும்பு சப்ஃப்ரேமில் போய் மாட்டிக்கொள்கின்றன, திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசையும் அங்கேதான் போகிறது. ஷாக் கோபுரத்துக்கு வருவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் மேல்நோக்கித் தள்ளும் விசை மட்டும். அப்படியிருக்க, இரண்டு கோபுரங்களின் தூரத்தைப் பிடித்து வைக்கும் கம்பிக்கு அங்கே பெரிதாக என்ன வேலை? ஸ்விஃப்ட், போலோ மாதிரி மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் கதை வேறு. அதில் மேல் கையே கிடையாது, கோபுர உச்சிதான் மேல் கை, பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு நேராக அங்கே போகும். அங்கே கம்பி கொஞ்சம் உதவும்.

அந்தக் கொஞ்சத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. தீப்பெட்டிக் கூட்டை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள், அது சாயும்போது மேல் பக்கத்தின் நீளம் மாறுவதே இல்லை. இரண்டு கோபுரமும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் நடுவில் உள்ள கம்பியும் கூடவே நகரும், எதையும் தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் குறுக்கே ஒரு சாய்கம்பி வேண்டும், அதாவது இரண்டு கோபுரத்திலிருந்தும் பின்னால் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில், ஒரு புள்ளிக்குப் போய் முக்கோணமாக வேண்டும். பந்தல் போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நாலு கால் நட்டதும் முதலில் குறுக்கே சாய்வாக ஒரு மூங்கிலைக் கட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள்.

அப்புறம் அந்த வளைவு. 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்பு, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான இரும்புக் குழாயை 200 கிலோ விசையில் இழுத்தால் அது நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.07 மி.மீ. அதே குழாயை எஞ்சின் இடிக்காமல் இருக்க நடுவில் 5 செ.மீ. உயர்த்தி வளைத்துவிட்டால், அதே விசைக்கு 0.9 மி.மீ. கொடுக்கும். 13 மடங்கு. நேராக நின்றவரை இழுவையையும் அழுத்தத்தையும் மட்டும் தாங்கியது, வளைத்ததும் வில்லாகிவிட்டது. கடையில் விற்கும் கம்பிகளில் இரண்டு முனையிலும் கீல் மாதிரி ஒரே போல்ட்டும், நடுவில் அழகான வளைவும் சேர்ந்தே இருக்கும். அது வில்லுக்கு மேல் வில்.

இதே இடத்தில் "குரோம்மாலி குழாய் போட்டால் இன்னும் விறைப்பு" என்று ஒருவர் சொல்வார். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு அது. தவறு. சாதாரண இரும்பும் குரோம்மாலியும் நெளிவதில் ஒன்றுதான், இரண்டுக்கும் மீள்தன்மை எண் 200 கிகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே. குரோம்மாலி உடைய அதிக விசை கேட்கும், அது வலிமை. அந்த வலிமையை நம்பி மெல்லிய குழாய் போட்டு எடையைக் குறைக்கிறோம் என்றால் விறைப்பும் சேர்ந்தே குறையும். அலுமினியம் என்றால் அந்த எண் சுமார் 70, இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. பிரேசிங்கில் பணம் கொடுத்து வாங்க வேண்டியது உலோகத்தை அல்ல, வடிவத்தை.

எம்எக்ஸ்-5இல் வடிவம் நிஜமாகவே வேலை செய்வது காருக்கு அடியில். தரைத் தகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளவாக்கில் மெல்லிய தகட்டு ரெயில்கள் ஓடும், பழைய கார்களில் பாதிக்கு மேல் யாராவது ஜாக்கியை அங்கே வைத்து நசுக்கி வைத்திருப்பார்கள். நசுங்கிய ரெயில் ரெயில் இல்லை, வெறும் சுருங்கிய தகடு. அதன் மேல் தடித்த இரும்புச் சேனலைச் செருகிப் போல்ட் போட்டு இறுக்குவது முதல் வேலை. அடுத்தது, இடது ரெயிலையும் வலது ரெயிலையும் டனலுக்குக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இணைக்கும் கம்பிச் சட்டம், பட்டாம்பூச்சி பிரேஸ் என்பார்கள். டனல் என்பது அடிப்பக்கம் திறந்த ஒரு பெரிய குழாய். மேலே சொன்ன ரம்பக் கீறல் நினைவிருக்கிறதா, அந்தக் கீறலை மூடுகிற வேலையைத்தான் இது செய்கிறது. அதனால்தான் ஷாக் கோபுரக் கம்பியை மாட்டியவர்கள் "தெரிகிற மாதிரி இருக்கிறது" என்று இழுக்க, இதை மாட்டியவர்கள் கண்ணாடி ஆடுவது குறைந்ததை நேரே காட்டுகிறார்கள். இதற்கு விலையும் உண்டு: கியர்பாக்ஸை இறக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கழற்ற வேண்டும், சைலன்சர் குழாய்க்கு இடம் பார்க்க வேண்டும், நம்மூர் வேகத்தடையில் அடிபடும் முதல் ஆளும் அதுதான்.

கடையில் வாங்காமல் பட்டறையில் நாமே செய்வதென்றால் சிமென்ட் மூட்டை வேண்டும். சக்கரம் மாட்டும் பின் ஹப்கள் இரண்டையும் ஸ்டாண்டில் அசையாமல் பூட்டுங்கள், ஷாக்குகளைக் கழற்றி அதே நீளத்துக்கு இரும்புக் கம்பி போடுங்கள். முன் ஹப்களுக்கு அடியில் ஒரு உத்தரம், அதன் நடுவில் சீசா பலகைக்கு இருப்பது மாதிரி ஒரு தாங்கல். நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 50 கிலோ மூட்டையை வைத்தால் உடம்பின் மேல் விழும் முறுக்கு 490 நியூட்டன் மீட்டர். உடம்பு டிகிரிக்கு 5,000 தாங்கும் என்றால் பத்தில் ஒரு டிகிரி திரும்பும், 1.4 மீட்டர் அகலத்தில் இடதுக்கும் வலதுக்கும் இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். டயல் கேஜுக்கு அது மிகப் பெரிய எண். காரின் நீளத்தில் நாலைந்து இடத்தில் அளந்து காகிதத்தில் கோடு போட்டால், எந்த இடத்தில் கோடு திடீரென்று ஏறுகிறதோ அங்கே வியாதி. இந்தக் காரில் அது கதவுத் திறப்பைச் சுற்றித்தான் இருக்கும். கம்பியை வெறும் கிளாம்ப் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து, மறுபடி மூட்டையை வையுங்கள். எண் மாறவில்லையா? வெல்டிங் மிஷினை ஆன் செய்யாதீர்கள்.

மாறினால் அடுத்த தலைவலி இணைப்பு. தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், குழாய் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். குழாயை நேராகத் தகட்டில் ஒட்டினால் சில மாதத்தில் தகடு ஒட்டைச் சுற்றி வட்டமாகக் கிழியும். நடுவில் உள்ளங்கை அளவுக்காவது ஒரு பிளேட் வைத்து, அதன் ஓரம் இரண்டு தகடுகள் சந்திக்கும் மடிப்பு வரை போக வேண்டும், விசை மடிப்புக்குப் போனால்தான் மதிப்பு. போல்ட் என்றால், 8 மி.மீ. போல்ட்டை 9 மி.மீ. துளையில் போட்டுவிட்டு போல்ட்டின் உடம்பு தாங்கும் என்று நினைக்காதீர்கள். தாங்குவது இறுக்கத்தால் வரும் உராய்வு. 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய ஒரு போல்ட் தோராயமாக 240 கிலோ வரைதான் வழுக்காமல் பிடிக்கும், நடுவில் தடித்த பவுடர் கோட்டிங் இருந்தால் அது அமுங்கி இறுக்கம் இன்னும் குறையும். சேரும் முகங்களில் பெயின்டைச் சுரண்டுங்கள்.

வெல்டிங்கின்போது கார் எப்படி நிற்கிறது என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கூரையில்லாக் காரை முன்னும் பின்னும் ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் நடு இறங்கி, கதவு இடைவெளி மாறி, சில சமயம் கதவே திறக்காது. அந்த நிலையில் கம்பியை ஒட்டினால் அந்தக் கோணல் ஆயுசுக்கும் காரில் நிற்கும். சக்கரத்தின் மேல், சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஒட்டுக்கும் பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பாட்டரியைக் கழற்றுவது, கார்ப்பெட்டை எடுப்பது, பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது, துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுப்பது எல்லாம் பட்டறைக்காரருக்குத் தெரியும், ஆனாலும் கூடவே நில்லுங்கள். ஒட்டி முடித்த இடத்துக்கு உட்புறமாக மெழுகு அடிக்காவிட்டால் இரண்டே மழைக்காலத்தில் துரு பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சில்லிலும், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கும் பி-பில்லரிலும் இப்போது வருவது சூடாக்கி அச்சிட்ட மிக உறுதியான எஃகு. அதில் வெல்டிங் சூடு பட்டால் அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும், மோதலில் உங்களைக் காப்பாற்ற வேண்டிய இடமும் அதுதான். 1989 மியாட்டாவில் செய்யும் வேலையை இன்றைய ஹேட்ச்பேக்கில் செய்யக்கூடாது. அதேபோல முன் சஸ்பென்ஷனுக்கு முன்னால் நீளவாக்கில் எந்தக் கம்பியும் வேண்டாம், அது நசுங்குவதற்கென்றே விட்ட இடம்.

ட்ராக்குக்குப் போகிற திறந்த காருக்கு ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் குழாய், எப்படியும் வேண்டும். பின் சக்கர வளைவுகளையும் தரையையும் அது கோத்துப் பிடிப்பதால் விறைப்பு உபரி லாபம். முக்கால்வாசிப் பேர் வைக்கும் 44 மி.மீ. குழாய் மீட்டருக்கு மூன்று கிலோ, ஆறு மீட்டர் போனாலும் 19 கிலோவுக்குள் முடியும். ஆனால் அதே பார் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகும்போதும் உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிறது, தலையில் ஹெல்மெட் இருக்காது. பின்னாலிருந்து ஒரு ஆட்டோ இடித்தால்கூட மண்டை போய் முட்டுவது அதில்தான். சோபா ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்றிருக்கும் பேடிங் பிரயோஜனமில்லை, கையால் அழுத்தினால் கடினமாக இருக்கும் பந்தய பேடிங்தான் வேண்டும். கதவுத் திறப்பை முழுக்க மூடும் கம்பி வைத்தால் விறைப்பு பிரமாதமாக ஏறும், ஆனால் புடவை கட்டிய அம்மாவை அந்தக் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியாது. ஒரு காருக்கு இரண்டு வேலை என்றால் இப்படி எங்கேயாவது நிறுத்தத்தான் வேண்டும், நான் கதவுக் கம்பிக்கு முன்னால் நிறுத்துவேன்.

இந்தியச் சாலையில் ஓட்டுவதென்றால் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அடியில் போல்ட் போட்ட பிரேஸை எஃப்.சி.க்கு முன்னால் கழற்றலாம், ஒட்டியதைக் கழற்ற முடியாது. சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ கோவைக்குப் பக்கத்து செட்டிபாளையம் ட்ராக்குக்கோ அடிக்கடி போகிறவர்கள் ட்ராக்குக்கென்று பழைய கார் ஒன்றைத் தனியாக வாங்கி, ட்ரெய்லரில் ஏற்றிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைக் கட்டிய காலத்திலிருந்து குழாய் வெட்டிப் பொருத்தத் தெரிந்த கைகள் இருக்கின்றன, ஆளுக்குப் பஞ்சமில்லை.

கம்பி எல்லாம் ஏறியதும் வீல் அலைன்மென்ட் மறுபடி பாருங்கள், சப்ஃப்ரேம் போல்ட்டைத் தொட்டிருந்தால் நிச்சயம் மாறியிருக்கும். ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். முதல் ட்ராக் நாள் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் காருக்கு அடியில் படுத்து, எந்தக் கோடு உடைந்திருக்கிறது, எந்தப் பிளேட்டின் ஓரத்தில் பெயின்ட் முடி மாதிரி விரிசல் விட்டிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதுக் கம்பியில் ஒன்றும் தெரியாது. அதற்கு அடுத்த பழைய தகட்டைப் பாருங்கள், முன்பு நெளிந்து தப்பித்துக்கொண்டிருந்த விசை இப்போது அங்கேதான் போகிறது.